பசியைத் தணிக்கும் ஊசியும் நஃப்ஸை அடக்கும் முயற்சியும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! உண்பதும் பருகுவதும் அவன் நமக்கு ஆகுமாக்கித் தந்த அருட்கொடைகள். அவற்றில் வரம்பு மீறலாகாது என்பது திருமறையின் கட்டளை. வயிற்றை முழுக்க நிரப்புவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்பதும், மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் விடுமாறு அறிவுறுத்தினார்கள் என்பதும் நம் வீட்டுக் குழந்தைகளும் அறிந்த விஷயம். இதில் யாருக்கும் ஐயமில்லை. ஐயம் எழுவது வேறோர் இடத்தில். அதைப் பற்றியே இவ்விதழில் வாசக நேயர்களோடு சற்றுப் பேச விரும்புகிறோம்.

கடந்த ரமலானில் ஓரிரவு, தராவீஹுக்குப் பின் நாகலாபுரத்தில் நாம் பயான் செய்தோம். தலைப்பு, வயிற்றின் இச்சை. பேச்சின் வேகத்தில், பெருத்த உடம்பே நஃப்ஸுக்கு அடிமைப்பட்டதன் அடையாளம் என்ற பொருளில் சில வார்த்தைகள் சொல்லிவிட்டோம். சிலர் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டு நாமும் அதே பாணியில் இன்னும் இரண்டு உதாரணங்களைச் சேர்த்தோம்.

பெருநாள் கழிந்து சில வாரங்களுக்குப் பின் ஒரு சகோதரர் நம் வீட்டுக்கு வந்தார். வத்தல் வியாபாரம் செய்பவர். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியவர். உடல் பருத்தவர். சர்க்கரை நோய் உண்டு. முழங்கால் மடங்காததால் நாற்காலியில் அமர்ந்தே தொழுபவர். சலாம் சொல்லி அமர்ந்தவர் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"ஹஜரத், நீங்க பயான் பண்ணின அன்னைக்கு நான் மூணாவது ஸஃப்பு ஓரத்துல நாற்காலியில உக்காந்திருந்தேன். உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. ஒரு மஸ்அலா கேக்கணும். மதுரையில டாக்டர் வாரம் ஒரு ஊசி போடச் சொல்றாரு. பசி அடங்குமாம், எடை குறையுமாம். அம்மா என்னடான்னா, வாயக் கட்ட முடியாதவந்தான் ஊசிக்குப் போவான், நோன்பு வைச்சா இளைச்சுட்டுப் போகுதுங்கிறாங்க. நான் வைக்காத நோன்பா ஹஜரத்? ரெண்டு தடவை பத்துப் பத்துக் கிலோ குறைச்சேன். ரெண்டு தடவையும் அதுக்கு மேலயே ஏறிருச்சு. இந்த ஊசி போட்டா நான் சபூர் இல்லாதவன்னு ஆயிருமா?"

நமக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "ரெண்டு வாரம் டயம் குடுங்க பாய், விசாரிச்சுச் சொல்றேன்" என்று சொல்லி அனுப்பினோம். கிதாபுகளைப் புரட்டினோம். மருத்துவம் அறிந்த நண்பர்களிடம் கேட்டோம். அப்போது அறிந்துகொண்டவற்றில் பயனுள்ளவற்றை இங்கே தருகிறோம்.

இந்த ஊசி என்பது என்ன?

நாம் உண்ட உணவு குடலை அடையும்போது, 'போதும்' என்ற செய்தியை மூளைக்கு எடுத்துச் செல்லும் சில சுரப்புகளைக் குடல் வெளியிடுகிறது. அவற்றுள் ஒன்றுக்கு ஜி.எல்.பி.-1 என்று பெயர். இயற்கையாகச் சுரக்கும் இந்தப் பொருள் இரத்தத்தில் ஓரிரு நிமிடங்களே நிலைக்கும். அதைப் போலவே வேலை செய்து, ஆனால் பல நாட்கள் உடலில் தங்கும்படி உருவாக்கப்பட்டதே செமாகுளுடைட் எனும் மருந்து. டிர்செபடைட் என்பது ஜி.எல்.பி.-1-ஐயும் மற்றொரு குடல் சுரப்பையும் சேர்த்துப் போலச் செய்வது. இவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. மூளையில் பசி உணர்வைத் தணிக்கின்றன. பல நாட்கள் தங்குவதால் வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போட்டால் போதுமானது.

டிர்செபடைட் 'மௌன்ஜாரோ' என்ற பெயரில் 2025 மார்ச்சிலும், எடை குறைப்புக்கான செமாகுளுடைட் 'வெகோவி' என்ற பெயரில் அதே ஆண்டு ஜூனிலும் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தன.

2021-ல் வெளியான ஓர் ஆய்வில் 1,961 பேர் 68 வாரங்கள் கவனிக்கப்பட்டனர். அனைவருக்கும் உணவு, நடைப்பயிற்சி குறித்த ஆலோசனை தரப்பட்டது. செமாகுளுடைட் போட்டவர்கள் சராசரியாகத் தம் எடையில் 14.9 சதவீதம் குறைந்தார்கள். மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்கள் குறைந்தது 2.4 சதவீதமே. 2022-ல் டிர்செபடைட் பற்றி வெளியான ஆய்வில், உயர்ந்த அளவு போட்டவர்களுக்கு 72 வாரங்களில் ஏறத்தாழ 21 சதவீதம் குறைந்தது. 2023-ல் வெளியான மற்றோர் ஆய்வு, ஏற்கெனவே இருதய நோயுள்ள, எடை மிகுந்த 17,604 பேரைப் பற்றியது. அவர்களில் செமாகுளுடைட் போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் ஆகியவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ஆகவே இதை வெறும் அழகுச் சாதனம் என்று ஒதுக்கிவிட இயலாது.

நம் நாட்டு நிலையையும் பார்க்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் முன்னின்று நடத்திய பெரும் ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்தவர்கள் நூற்றுக்கு 39 பேருக்கு மேல் என்றும் அது கூறுகிறது. நம் முன்னோர் கம்பங்கூழும் குதிரைவாலிச் சோறும் உண்டு, கரிசல் காட்டில் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்தார்கள். நாமோ கடையில் நாளெல்லாம் அமர்ந்து, இரவு பத்து மணிக்குப் புரோட்டா உண்கிறோம். இதையும் மறைப்பதற்கில்லை.

பசி எல்லோருக்கும் ஒன்றா?

நாம் பயானில் செய்த பிழையின் வேர் எது என்று பின்னர் யோசித்துப் பார்த்தோம். எல்லா மனிதருக்கும் அல்லாஹ் ஒரே அளவு பசியைத் தந்திருக்கிறான், ஒருவர் அதை வெல்கிறார், மற்றவர் தோற்கிறார் என்று எண்ணிக்கொண்டதே அந்த வேர். அது சரிதானா?

இங்கிலாந்தில் வாழும் பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த இரு குழந்தைகளைப் பற்றி 1997-ல் மருத்துவ அறிஞர்கள் எழுதினார்கள். அக்குழந்தைகளுக்குப் பசி ஓயவே இல்லை. எவ்வளவு உண்டாலும் இன்னும் கேட்டார்கள். உடலில் லெப்டின் எனும் ஒரு சுரப்பு உருவாகாமையே அதன் காரணம் என்று கண்டறியப்பட்டது. அவர்களுள் ஒரு சிறுமிக்கு ஒன்பது வயதில் எடை 94 கிலோ. அந்தச் சுரப்பை ஊசி வழியாகத் தினமும் செலுத்தினார்கள். சில நாட்களிலேயே அவளது உணவின் அளவு மற்றக் குழந்தைகளைப் போல் ஆகிவிட்டது. ஓராண்டில் 16 கிலோ குறைந்தாள். இது 1999-ல் பதிவானது.

வாசகர்களே! அந்த ஒன்பது வயதுச் சிறுமி நஃப்ஸுக்கு அடிமை என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? கேள்வி கணக்கே இன்னும் தொடங்காத பருவத்துக் குழந்தை அவள். ஊசிக்கு முன் அவள் பேராசைக்காரியாகவும், ஊசிக்குப் பின் ஸாலிஹான பெண்ணாகவும் மாறிவிட்டாளா? அவள் அதே குழந்தைதான். மாறியது, அவள் சுமந்த பசியின் பாரம் மட்டுமே.

இத்தகைய நோய் மிக அரிது என்பது உண்மை. ஆனால் அது ஒரு வாசலைத் திறந்து காட்டுகிறது. இரட்டைப் பிள்ளைகளையும் வளர்ப்புப் பிள்ளைகளையும் ஆராய்ந்தவர்கள், உடல் எடையில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் பெரும் பகுதி பரம்பரையாக வருவது என்று கூறுகிறார்கள். ஒருவன் இரண்டு இட்லியில் நிறைகிறான். அதை அவன் சம்பாதிக்கவில்லை, அல்லாஹ் அவனுக்கு அப்படி ஓர் உடலைத் தந்தான். மற்றொருவனுக்கு ஆறு உண்டும் பசி அடங்குவதில்லை. எடை குறைந்தவனின் உடலோ, இழந்ததை மீட்கப் பசியைக் கூட்டுகிறது. நம் சகோதரர் இரண்டு முறை குறைத்து இரண்டு முறையும் ஏறியதன் இரகசியம் இதுவே. முதலாமவன் தன் அடக்கத்தை எண்ணிப் பெருமை கொள்வானாகில், தான் நடாத மரத்தின் நிழலுக்கு வாடகை கேட்பவன் போன்றவன் அவன்.

நபிமொழி கூறியது என்ன என்பதை மீண்டும் உற்று நோக்கினோம். நிரப்புகின்ற செயலை அது கண்டிக்கிறது. எவருடைய உடலின் அளவையும் அது பேசவில்லை. ஒல்லியான உடம்புக்காரனும் கழுத்துவரை உண்பதுண்டு. பருத்தவர் அளவோடு உண்பதும் உண்டு. நாம் அன்று எடுத்துச் சொன்ன நபிமொழி உண்மையானது. அதைக் கொண்டு நாம் நீட்டிய விரல்தான் பிழையானது.

உடலைக் கண்டு சிரிப்பது பற்றி நாயகத்தின் வாழ்வில் இரு நிகழ்ச்சிகள் உண்டு. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மரத்தில் மிஸ்வாக் குச்சி ஒடிக்கையில், காற்றில் அவர்களுடைய மெலிந்த கால்கள் தெரிந்தன. தோழர்கள் சிரித்தார்கள். அந்தக் கால்கள் மறுமைத் தராசில் உஹது மலையினும் கனமானவை என்று நபிகள் (ஸல்) அவர்கள் சொல்லிச் சிரிப்பை நிறுத்தினார்கள். மற்றொன்று, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தாமே அறிவித்தது. ஒரு பயணத்தில் நாயகத்தோடு ஓட்டப் பந்தயம் வைத்து அன்னையார் வென்றார்கள். பின்னர் தம் உடம்பில் சதை போட்டிருந்த காலத்தில் மறுபடி ஓடினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வென்றார்கள். முன்பு தோற்றதற்கு இது ஈடாயிற்று என்று சிரித்தார்கள். மனைவி உடல் பெருத்த பின்னும் அவரோடு பந்தயம் ஓடினார்கள். ஒரு குத்தல் பேச்சு கிடையாது. இன்று நம் வீடுகளில் பிள்ளை பெற்ற பெண்ணை எத்தனை பேர் எப்படியெல்லாம் பேசுகிறோம் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

ஊசியால் வந்த அடக்கம் அடக்கமாகுமா?

இப்போது சகோதரரின் கேள்விக்கு வருவோம். பசியை மருந்து தணித்துவிட்டால், குறைவாக உண்பதில் அவருக்கு என்ன நன்மை? மருந்தல்லவா அடக்கியது?

இந்தக் கேள்வியை இலேசாகத் தள்ளக் கூடாது. ஒரு வேதனையைப் பொறுத்துக்கொள்வதற்குச் சபூரின் கூலி உண்டு. வேதனை குறைந்தால், அந்த வேதனைக்கான சபூரும் அந்த அளவுக்குக் குறையலாம். இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அல்லாஹ் நம்மிடம் வேதனையையா கேட்டான்? வெயிலில் நின்றுகொண்டே, பேசாமல், நிழலில் ஒதுங்காமல் நோன்பு நோற்பதாக நேர்ச்சை செய்த ஒருவரை நபிகள் (ஸல்) அவர்கள் கண்டார்கள். அவரை உட்காரவும், பேசவும், நிழலுக்கு வரவும் சொன்னார்கள். நோன்பை மட்டும் முடிக்கச் சொன்னார்கள். வணக்கம் நிலைத்தது, வீண் வருத்தம் நீங்கியது. துன்பம் தானாகவே ஓர் இபாதத்து ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவின் ஒரு பாகத்தில் வயிற்றின் இச்சையை முறிப்பது பற்றி எழுதினார்கள். பசித்திருப்பதன் சிறப்புகளை விரிவாகச் சொல்கிறார்கள். ஆயினும் முடிவில், உணவின் பாரமும் தெரியாமல், பசியின் வேதனையும் தெரியாமல், வயிற்றையே மறந்திருக்கும் நடுநிலையே நாடப்படுவது என்ற கருத்தைத் தருகிறார்கள். வயிறு நிறைந்தவன் வயிற்றை நினைக்கிறான்; பசித்துத் துடிப்பவனும் வயிற்றையே நினைக்கிறான். இந்த ஊசி போட்டவர்களில் பலர் சொல்வது என்னவென்றால், நாள் முழுதும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த சாப்பாட்டு நினைவு ஓய்ந்துவிட்டது என்பதே. அந்த ஓய்வு ஒரு நிஃமத்து. அதை எதற்குச் செலவிடுகிறான் என்பதில்தான் அடுத்த சோதனை இருக்கிறது.

ஃபஜ்ருக்கு எழ அலாரம் வைக்கிறோம். அலாரம் எழுப்பியதால் தொழுகை கடிகாரத்துக்குச் சொந்தமாகிவிடுமா? கண்ணாடி போட்டுக் குர்ஆன் ஓதும் முதியவரிடம், ஓதியது கண்ணாடி என்று சொல்வோமா? கருவி தடையை நீக்குகிறது. நீங்கிய இடத்தில் நடப்பதும் நடவாததும் அடியானின் செயல்.

நம் ஊர்ப் பக்கத்து உதாரணமே ஒன்று சொல்வோம். பல காலம் தரிசாகக் கிடந்த கரிசல் நிலத்தில் சீமைக் கருவேலம் அடர்ந்துவிடுகிறது. அண்டை நிலத்துக்காரனுக்கு அந்தத் தொல்லை இல்லை. மழை பெய்ததும் உழுது விதைக்கிறான். இவன் ஜே.சி.பி. கொண்டுவந்து தூரோடு பிடுங்குகிறான். அதற்காக இவனைச் சோம்பேறி என்று யாரும் ஏசுவதில்லை. ஆனால் இயந்திரம் போன பின் உழவும், விதைப்பும், களையெடுப்பும் இவன் கைவேலைதான். வேர் மிச்சமிருந்து கவனியாமல் விட்டால் கருவேலம் திரும்பவும் துளிர்க்கும்.

ஊசியின் நிலையும் ஏறத்தாழ இதுவே. முதலில் சொன்ன ஆய்வில் பங்கேற்ற சிலரை, ஊசியும் ஆலோசனையும் நிறுத்தப்பட்ட பின் ஓராண்டு கவனித்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஆதலால் இது ஒரு மாதச் சாகசமன்று. இரத்த அழுத்த மாத்திரை போல நெடுங்காலம் நீடிக்கக்கூடிய சிகிச்சை. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து குறைவதால் பருப்பு, பயறு, முட்டை, மீன் போன்ற சத்துணவும், உடலுழைப்பும் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஊசி பசியைக் குறைக்கும். பேராசையைக் குறைக்காது. எடைத் தராசில் கை வைப்பவனின் கையை அது பிடிக்காது. புறம் பேசும் நாவை அது கட்டாது. நஃப்ஸின் வாசல்கள் பல; வயிறு அவற்றில் ஒன்று. அந்த ஒரு வாசலில் காவல் எளிதானவருக்கு மற்ற வாசல்களில் வேலை இருக்கவே செய்கிறது. ஆகவே ஊசி போட்டுக்கொண்டவர் சபூரின் களத்தைவிட்டு ஓடிப் போனவர் அல்லர்.

'நோன்பு வைத்தால் போதாதா' என்ற அம்மாவின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். நோன்பு தக்வாவுக்காக விதிக்கப்பட்டது. அது எடை குறைக்கும் திட்டமன்று. அப்படி எண்ணி நோற்றால் நிய்யத்து பழுதுபடும். ரமலானில் நோன்பு நோற்றும், இஃப்தாருக்குப் பின் உண்ணும் வடையாலும் சர்பத்தாலும் எடை கூடுபவர்கள் நம்மில் எத்தனை பேர்? நோன்பு நோன்பாக இருக்கட்டும். மருந்து மருந்தாக இருக்கட்டும்.

ஷரீஅத்தின் வரம்புகள்

நோய்க்கு மருத்துவம் செய்யுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னவர்களும் அவர்களே. எனவே தகுதியுள்ள நோயாளிக்கு இந்தச் சிகிச்சை ஆகுமானது என்பதே நமது கருத்து. மருந்தின் மூலப் பொருள் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். செமாகுளுடைட் ஈஸ்ட் எனும் நுண்ணுயிர் வழியாகவும், டிர்செபடைட் இரசாயன முறையிலும் உருவாக்கப்படுகின்றன. இவ்வகை மருந்துகளில் முதலாவதான எக்ஸெனடைட், ஹீலா எனும் அமெரிக்கப் பாலைவனப் பல்லியின் உமிழ்நீரில் கண்ட ஒரு பொருளைப் பார்த்து அமைக்கப்பட்டது. அதைக் கேள்விப்பட்டுச் சிலர் அஞ்சுகிறார்கள். அந்த மருந்தும் ஆய்வுக் கூடத்தில் செய்யப்பட்டதே, பல்லியிலிருந்து எடுக்கப்பட்டதன்று.

ஊசியால் நோன்பு முறியுமா? உணவாக அமையாத தோலடி ஊசி, தசை ஊசி ஆகியவற்றால் நோன்பு முறியாது என்று 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவு கூறியது. அப்படியும் மனம் அமைதி கொள்ளாதவர்கள், வாரம் ஒருமுறைதானே, இரவில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இன்சுலின் முதலான வேறு சர்க்கரை மருந்துகளும் எடுப்பவர்கள் ரமலானுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு அளவுகளை மாற்றிக்கொள்வது அவசியம். குமட்டலும் வாந்தியும் மிகுந்து உடல் வறண்டால் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யும் சலுகையை மார்க்கம் தந்தே இருக்கிறது.

வரம்புகளையும் சொல்லிவிடுகிறோம். இது மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே போட வேண்டியது. சிறிய அளவில் தொடங்கி, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை தேவைக்கேற்பக் கூட்டுவார்கள். குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவை சாதாரணமாக வரும். பித்தப்பைக் கல், கணைய அழற்சி ஆகியவை அரிதாக வரும். தைராய்டில் மெடுல்லரி எனும் வகைப் புற்றுநோய் தமக்கோ குடும்பத்திலோ இருந்தவர்கள் போடக் கூடாது. கர்ப்பிணிகள் போடக் கூடாது. குழந்தை பெற நாடும் பெண்கள் செமாகுளுடைட்டை இரண்டு மாதங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குச் செல்பவர்கள் மயக்க மருத்துவரிடம் இதை மறைக்கக் கூடாது. இரைப்பை காலியாகத் தாமதமாவதால் ஆபத்து நேரலாம். கண்ட இடத்தில் வாங்குவதும் கூடாது. போலிச் செமாகுளுடைட் நடமாடுவதாக உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரித்துள்ளது.

எடை குறைப்புக்கு இந்த மருந்தை, உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கில் 30-க்கு மேல் உள்ளவர்களுக்கும், 27-க்கு மேல் இருந்து சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற நோயும் சேர்ந்தவர்களுக்குமே பரிந்துரைக்கிறார்கள். நிக்காஹ் தேதி குறித்தாயிற்று, மணப்பெண் ஐந்து கிலோ இளைத்தால் ஜோடிப் பொருத்தமாக இருக்கும் என்று ஆரோக்கியமான பெண்ணை ஊசிக்கு அழைத்துப் போவது மருத்துவமாகாது. மாப்பிள்ளை வீட்டார் அதை நிபந்தனையாக்கினால் அது அநியாயம். வரதட்சணையில் பொன்னை நிறுத்துப் பார்த்தவர்கள், இனி பெண்ணையும் நிறுத்துப் பார்க்கத் தொடங்கினால் நம் சமுதாயம் எங்கே போய் நிற்கும்?

செலவும் ஒரு முக்கிய விஷயம். 2025 மார்ச்சில் மௌன்ஜாரோ வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி ஒன்று 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய். வாரம் ஒன்று வீதம் மாதத்துக்கு 14,000 முதல் 17,500 ரூபாய் வரை ஆயிற்று. மானாவாரி விவசாயக் குடும்பத்துக்கு இது எட்டாத தொகை. செமாகுளுடைட்டுக்கு இந்தியாவில் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். காப்புரிமை முடிந்த மருந்தைப் பல கம்பெனிகள் தயாரிக்கலாம் என்பதால் விலை இறங்க வழி உண்டு. எனினும் நாம் சொல்வது இதுதான். வட்டிக்குக் கடன் வாங்கி இந்த ஊசி போட வேண்டாம். மனைவி மக்களின் உணவும் கல்வியும் முதற்கடமை. உடனடியாக உயிர் காக்கும் நிலையில் இல்லாத சிகிச்சையை வசதிக்கு ஏற்பச் செய்வதில் குற்றமில்லை. வசதி இல்லாதவர் அதற்காகக் குற்ற உணர்வு கொள்ளவும் தேவையில்லை. நடையும், உணவில் அளவும், முன்பே தரப்பட்ட மருந்துகளும் அவருக்கும் திறந்தே உள்ளன. அவரைப் பார்த்து, 'காசிருந்தால் இளைத்திருப்பாய்' என்று சொல்வதும் ஒரு கேலியே.

விருந்தளிப்போர் கவனத்துக்கு

நம் வலீமா விருந்துகளில் ஒரு பழக்கம் உண்டு. போதும் என்று கை மறித்தவர் தட்டிலும் இன்னொரு கரண்டி பிரியாணியைச் சாய்த்தால்தான் உபசாரம் முழுமை பெறுமாம்! இந்த ஊசி போட்டவர்கள் சிறிது உண்டாலே நிறைந்துவிடுவார்கள். மீறி உண்டால் வாந்தி வரும். வெளியே சொல்லக் கூசி, முகத்துக்காக உண்டு அவதிப்படுகிறார்கள். விருந்தாளியின் 'போதும்' என்ற சொல்லை மதிப்பதும் விருந்தோம்பலே. ஒருபுறம் வற்புறுத்தி ஊட்டிவிட்டு, மறுபுறம் உடம்பைப் பார்த்துச் சிரிக்கும் நம்மிடம் கேட்கப்படும் கணக்கு, ஊசி போட்டவரிடம் கேட்கப்படும் கணக்கைவிடக் கடினமாக இருக்கலாம்.

இரண்டு வாரம் கழித்து அந்தச் சகோதரரை அவர் கடையிலேயே போய்ச் சந்தித்தோம். மேற்கண்டவற்றைச் சுருக்கமாகச் சொன்னோம். முடிவில், "அன்னைக்கு நான் பேசினது தப்பு பாய், என்னைப் பொறுத்துக்கங்க" என்றோம். அவர் வத்தல் சாக்கைத் தைத்துக்கொண்டே, "அம்மாகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க ஹஜரத், நான் சொன்னா கேக்க மாட்டாங்க" என்றார். சொன்னோம். அம்மையார் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "டாக்டரு சொன்னா சரி. ஆனா நோன்ப விட்றக் கூடாது" என்று மட்டும் சொன்னார்கள். அதில் தவறில்லை.

பொதுவில் சொன்ன பிழையைப் பொதுவில் திருத்துவதே முறை. அடுத்து வந்த ஜும்ஆவில் மிம்பரிலேயே அதைச் சொன்னோம். இந்தக் கட்டுரையும் அத்திருத்தத்தின் ஒரு பகுதியே. அந்தச் சகோதரர் ஊசி போடத் தொடங்கியிருக்கிறார். எவ்வளவு குறைந்தது என்று நாம் கேட்பதில்லை. இப்போதும் நாற்காலியில் அமர்ந்தே தொழுகிறார். நெற்றியைத் தரையில் வைத்து ஒரு ஸுஜூதாவது செய்ய வேண்டும் என்பது அவருடைய நாட்டம். அந்த நிய்யத்துக்கு எடை போடும் தராசு நம்மிடம் இல்லை. அது அல்லாஹ்விடம் இருக்கிறது.

பிறர் உடலைக் கொண்டு அவர் ஈமானை அளக்கும் பிழையிலிருந்து நம் நாவுகளை வல்ல இறைவன் காப்பானாக! நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், உடல் நலமுள்ளோருக்கு ஷுக்ரையும், நம் அனைவருக்கும் உணவில் அளவையும் அவன் தந்தருள்வானாக! ஆமீன்.